எழுவைக் கரையில் எடுத்த படம்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் போனது, வாசிப்பும் போனது. ஊர்காவற்றுறைக் கடலில் இளவயதிலிருந்து வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். செபப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார்.

விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். றப்பர் பந்தை அமத்தக் கொடுத்தால் எறிந்தார். பிரான்சில் இருக்கும் என் அண்ணா தன்னுடைய பழைய கேம் கொன்சோலை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. அப்பா கொன்ட்ரோலரை மடியில் வைத்து, வலது பெருவிரலை இடது கையால் தூக்கி வைத்து ஓட்டப் பழகினார். கார் மதிலில் மோதிக்கொண்டே இருக்கும். அவரும் விடவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பெருவிரல் தானாக அசைந்தது.

அதில் மூன்று புரொஃபைல்கள் இருந்தன: அண்ணாவுடையது, என்னுடையது, அப்பாவுடையது. தொடங்கும்போது தன்னுடையதைத் தெரிவுசெய்ய வேண்டும். பெயரை வாசிக்க முடியாத அப்பாவுக்கு, கொன்சோலோடு வந்த கார்ட்டூன் முகங்கள் மூன்றும் ஒன்றுதான். ஒருநாள் அண்ணாவுடையதைத் திறந்துவிட்டார். தான் வென்ற ஓட்டங்கள் ஒன்றையும் அங்கே காணாமல் கொன்ட்ரோலரை நிலத்தில் போட்டுவிட்டு அழுதார். நான் படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

அப்பா தன்னுடையதை அடையாளம் காணும்படி சொந்தப் படத்தை அதில் வைக்கக் கொன்சோல் விடாது. ஆனால் ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஹோம்புரூ மென்பொருள்கள் உண்டு. கொன்சோலின் பூட்டைத் திறந்துவிட்டு அவற்றில் ஒன்றை ஓட்டினால் நாம் விரும்பிய படத்தை வைக்கலாம். பிசகினால் கொன்சோல் திரும்ப எழும்பாது. நான் கணினி படிப்பிக்கிறவள்தான், என்றாலும் கேட்காமல் தொடங்கவில்லை. அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"பழுதாப்போனால் போகட்டும். செய்து பார்," என்றார்.

"அப்பாவுக்கு வேற ஒண்டும் இல்லை, அண்ணா."

வேலைக்கு நேரமாகிறது என்று அவர் போனை வைத்துவிட்டார்.

கொன்சோலின் பூட்டைத் திறந்தேன். அப்பாவின் அடையாள அட்டைப் படத்தைச் சதுரமாக வெட்டி, நான்கு அளவுகளில் சேமித்து, பென்டிரைவில் ஏற்றிப் போட்டேன். சரிவந்தது. தொலைக்காட்சியில் தன் முகத்தைக் கண்ட அப்பா, கோணிப்போன வாயைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது வேண்டாமாம். இடது கையைக் கடல் பக்கம் நீட்டினார்.

"வள்... வள்..."

"வள்ளமோ அப்பா?"

ஓம் என்று தலையசைத்தார். குசினி வாசலில் நின்ற அம்மா உள்ளே போய்விட்டார்.

வள்ளத்தை நாங்கள் விற்று நாலு மாதம். எழுவைதீவுக்காரர் ஒருவர் வாங்கினார். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மாதான் மறித்தவர். "சொல்லாதை பிள்ளை. மனுசன் தாங்காது."

வள்ளத்தின் பழைய படம் ஒன்றும் எங்களிடம் தெளிவாக இல்லை. ஒரு சனிக்கிழமை படகேறி எழுவைதீவுக்குப் போனேன். வாங்கியவர் கரையில் வலையைச் சிக்கெடுத்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, வள்ளத்தைத் திருப்பிக் கேக்க வந்தனீரோ?"

"இல்லை அண்ணை. படம் ஒண்டு எடுக்கத்தான் வந்தனான்."

"எடும், எடும். பச்சை அடிச்சுப்போட்டன், கோவிக்காதையும்."

நீல வள்ளம் பச்சையாக நின்றது. முன்பக்க அணியத்தில் அப்பா எழுதுவித்த மாதாவின் பெயரும் இல்லை. எடுத்துக்கொண்டு வந்து, கணினியில் பச்சையை நீலமாக்கினேன். பெயரையும் எழுதினேன். இரண்டு நாள் வேலை. அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

படம் திரையில் வந்ததும் அப்பா சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. கதிரையை அரக்கிக் கிட்டப் போனார். வள்ளத்தை விரலால் தொட்டார். பிறகு விரல் வள்ளத்தை விட்டு அதன் பின்னால் இருந்த கரைக்குப் போனது. கல்லும் இரண்டு வடலிப் பனையும். சிரிப்பு நின்றுவிட்டது.

"எழுவை," என்றார்.

மாதக்கணக்காக ஒரு முழுச்சொல் வராத வாய்.

"அங்கை கரையேத்தி வைச்சிருக்குது..." என்று அம்மா தொடங்கினார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"வித்துப்போட்டம் அப்பா," என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கொன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னணியை வெட்டி எடுப்பதைத்தான் பள்ளிக்கூடத்தில் முதல் பாடமாகப் படிப்பிக்கிறேன். வள்ளத்தைப் பார்த்தேனே தவிர, கரையைப் பார்க்கவில்லை.

"படத்தை எடுத்துப்போடட்டோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதன் பிறகும் விளையாடினார். ஆனால் திரை போட்டவுடன் ஓட்டத்துக்குப் போவதில்லை. வள்ளத்தைப் பார்த்தபடி நெடுநேரம் இருப்பார். கொன்சோல் இறுகி நின்றுவிட்டது என்று அம்மா என்னைக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் ஒரு பிழையும் இருக்காது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வள்ளம் வாங்கியவர் விளைமீனோடு வந்தார். நான் போய்வந்ததில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "சுகமோ அண்ணை?" என்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். வாய் பலமுறை திறந்து மூடியது.

"ஓடுதோ?"

"ஓம் அண்ணை. நல்லா ஓடுது. குறையில்லை."

அப்பா தலையசைத்தார். வந்தவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். படலைவரை நான் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சொல்லாமலோ வித்தனீங்கள்?" என்றார். நான் படலையைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் கொன்சோலைப் போட்டேன். அப்பா கையை நீட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. கெஞ்சினேன், பிறகு ஏசினேன், பிறகு விட்டுவிட்டேன். சோளகக் காற்று முடிவதற்குள் அந்தப் பெருவிரல் திரும்ப உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டது. இப்போது அம்மா குளிப்பாட்டும்போது அதை விரித்து, உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து விடுகிறார். விட்டவுடன் மடங்கிக்கொள்கிறது.