கலைக்கக்கூடாத இரத்தம்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து இரண்டு வருடம் கழித்து, மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து, கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கால் கறுத்து வீங்கியிருந்தது. கெட்ட இரத்தத்தை உருவிவிட வேண்டும் என்று உம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். மருந்து கட்டுகிறவர் கையை நீட்டித் தடுத்தார்.

அவருக்கு நரைத்த தாடி. இடது மணிக்கட்டு ஒரு பக்கம் வளைந்திருக்கும். ஒவ்வொருவருடைய கட்டின் மீதும் அழுத்தாமல் உள்ளங்கையை வைத்து, ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்.

“அது கெட்ட ரத்தமில்ல, ராத்தா. முறிஞ்ச இடத்துக்கு முதல்ல வாறது ரத்தத்தில இருக்கிற பிளேட்லட் எண்ட சின்ன அணு. அதுதான் ரத்தத்த உறைய வச்சி, எலும்பக் கட்டுற அணுக்களக் கூப்பிடுற. உருவிக் கலைச்சா அதுகள் எங்க வந்து சேருற? அசையாம விடணும்.”

“அப்ப உங்கட கை?” என்று உம்மா கேட்டார்.

“கடல் வந்த அண்டு முறிஞ்சது. அசையாம வச்சிருக்க ஏலல்ல. மூணு நாள் இந்தக் கையாலதான் கல்லையும் கூரையையும் பெரட்டித் தேடின.”

யாரை என்று உம்மா கேட்கவில்லை. போத்தலைச் சாரித் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். மருந்து கட்டுகிறவர் அந்த வளைந்த கையை என் கட்டின் மீது வைத்துவிட்டுப் போனார்.

என் கால் நேராகவே பொருந்தியது. ஆனால் நடக்கும்போதெல்லாம், அவர் தேடியவர்கள் கிடைத்தார்களா என்று நானும் கேட்காமல் விட்டது கூடவே வருகிறது.