ஜெகபர் அலியின் முதுகுக் கீறல்

கல்யாணமான புதிதில் ஜெகபர் அலி வெளியூர் போய்த் திரும்பினால் கையில் ஒரு வெள்ளிக் கப்பு இருக்கும். நீச்சல் பந்தயம், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். மாகாணத்திலேயே அவரை முந்த ஆளில்லை என்று பேச்சு. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் கிட்டங்கியில் ஊறல் தொட்டி கழுவியவரின் மகன், தோட்டக் கிணறுகளில் குதித்தே பழகியவர், அந்த நீச்சலை வைத்தே ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை வாங்கிவிட்டார் என்றால் சும்மாவா! சர்புன்னிசா அந்தக் கப்புகளைச் சாம்பல் போட்டுத் துலக்கி அலமாரியில் அடுக்குவாள். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி வந்தால் அலமாரிக் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைப்பாள். பெருமை இருக்காதா, பின்னே?

அறுபதாம் வருஷம் கப்பு நின்றது. கீறல் வந்தது.

மதராசில் ஒரு மாசம் இருந்துவிட்டு வந்தவருக்கு முதுகில் எண்ணெய் தேய்க்கப் போனபோதுதான் பார்த்தாள். தோளிலிருந்து இடுப்பு நோக்கி நாலு கோடு. சந்தேகமே இல்லை, நகம்.

"என்ன மச்சான் இது?"

"பந்து ஆடுனோம்ல, அதுல பட்டது."

"பந்து கீறுமா?"

"பந்து கீறாது புள்ள, எதிராளி கீறுவான். தண்ணிக்குள்ள ஆடுற ஆட்டம். வாட்டர் போலோன்னு பேரு."

வயசுப் பையன்கள் நீச்சலில் தன்னை முந்த ஆரம்பித்துவிட்டார்கள், மூச்சும் தோளும் இருக்கிறதே என்று இந்த ஆட்டத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்று அவர் விளக்கினார். பக்கத்துக்கு ஏழு பேராம். தரையில் கால் ஊன்றக் கூடாதாம். பந்தை ஒரு கையால்தான் பிடிக்கவேண்டுமாம். கேட்டுக்கொண்டே தலையாட்டினாள், ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் நிற்கிற ஊர் இது. இங்கே வந்து, தண்ணீருக்குள் பந்தாடினேன் என்றால்?

"கப்பு எங்க?"

"அது டீமுக்குக் குடுக்குறது. ஆபீஸ்ல இருக்கும்."

பொய் சொல்லத் தெரிந்த மனிதன் இத்தோடு நிறுத்தியிருப்பான். ஜெகபர் அலிக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் ஒவ்வொருத்தர் கையையும் புரட்டிப் பார்ப்பார், நகம் வளர்ந்திருந்தால் தண்ணீரில் இறங்க விடமாட்டார் என்று அதையும் சொல்லிவைத்தார்.

அவள் பிடித்துக்கொண்டாள். "எல்லாரு நகத்தையும் வெட்டிட்டுத்தான் இறக்குறாங்க. அப்ப கீறுனது யாரு?"

"அட, ஒட்ட வெட்டுன நகந்தான் இன்னும் மோசமாக் கீறும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மாட்டிக்கொண்டவன் சிரிப்பு என்றே நினைத்தாள்.

பயணம் போகப் போகக் கீறலும் கூடியது. கழுத்தில், விலாவில், ஒரு தரம் காதுக்குப் பின்னால். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஜெய்தூன் பீவி கேட்டாள். நெருப்பு மதராசில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுதான் சர்புன்னிசாவுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அவள் அண்ணன் சௌகத் அலி தோல் வியாபாரி, மாசத்துக்கு இரண்டு தடவை மதராஸ் போய் வருகிறவர். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினார்.

"போலோவா? நான் பாத்திருக்கேன் தாயி. அது குதிரை மேல உக்காந்து ஆடுற ஆட்டம். தண்ணிக்குள்ள குதிரை எங்கிட்டு நிக்கும்? நல்லாக் காதுல பூச்சுத்தியிருக்கான்!"

அடுத்த தடவை ஜெகபர் அலி தங்கியிருந்த விடுதிக்கே துப்புப் பார்க்கப் போனார் அண்ணன். விடியற்காலை போனால், குளிக்கப் போயிருக்கிறார் என்றான் காவல்காரன். மத்தியானம் போனாலும் அதே பதில். பொழுது சாய்ந்து போனாலும் குளிக்கத்தான் போயிருக்கிறார். பயிற்சிக் குளத்துக்குப் போவதை அந்தக் காவல்காரன் அப்படித்தான் சொல்வான் போலும். அண்ணனுக்கு அது எங்கே தெரியும்? முகம் கறுத்துத் திரும்பி வந்தார்.

"மூணு வேளையும் குளிக்கிறானாம் உன் புருசன். ஒரு ஆம்பளைக்கு எதுனால அம்புட்டுத் தடவை குளிப்பு கடமையாகும்னு நான் என் வாயால தங்கச்சிகிட்டச் சொல்ல முடியாது."

சொல்ல என்ன இருக்கிறது? பெண்ணோடு கூடியவன் குளிக்காமல் தொழ முடியாது என்பது அவளுக்குத் தெரியாததா? அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். கீறலாவது கண்ணுக்குத் தெரிகிறது. இது அதைவிடக் கேவலமாக இருந்தது.

விஷயம் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போனது. ஜெகபர் அலியோடு ரயில்வே அணியில் கோல் காக்கிற ஞானராஜ் சாட்சி சொல்ல வந்தான். திருடனுக்குத் திருடன் சாட்சியா என்று அண்ணன் எகிறினார். இங்கிலீஷ் பேப்பரின் ஆட்டச் செய்தியில் வந்த 'அலி' என்ற பேரைக் காட்டினான். உலகத்தில் எத்தனை அலி!

இதில்தான் வந்து விழுந்தது கல்கத்தா. அந்த வெள்ளிக்கிழமை அங்கே இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறினால் வெளிநாடு போகலாம். ஜெகபர் அலிக்கும் அழைப்பு.

"இதுக்கு மட்டும் போய்ட்டு வாரேன், அத்தா" என்று ஜமாஅத் தலைவரைக் கெஞ்சினார். "வந்ததும் எம்புட்டு விசாரணை வேணும்னாலும் வைங்க."

தலைவர், சர்புன்னிசா உட்கார்ந்திருந்த திரைப் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

அவள் சொன்னாள். "அவுக போகட்டும். திரும்பி வர்றப்ப நான் அந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

ஜெகபர் அலி போகவில்லை. அவர் ஏறவேண்டிய மெயிலில் பார்சல் மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றார். அதற்கும் அவளிடம் சந்தேகம் தயாராக இருந்தது. போனால் குட்டு உடைந்துவிடும் என்றுதானே போகவில்லை? ஒருவேளை கல்கத்தா என்பதே கட்டுக்கதையோ? சந்தேகப்படப் பழகிய மனசுக்குத் தீனி போட்டு மாளாது.

வெள்ளிக்கிழமை கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானராஜ் பொறுக்கமாட்டாமல் தலைவர் வீட்டு வாசலில் நின்று கத்தினான்: "வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு கெணறு காட்டுங்கய்யா, நாங்க ஆடிக் காட்டுறோம்!"

செம்பட்டி ரோட்டில் தலைவரின் தென்னந்தோப்புக் கிணறு ஐப்பசி மழையில் மேல்படி வரை நிறைந்து கிடந்தது. ஜமாஅத்தார் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மோட்டார் ரூம் நிழலில் திரை கட்டிய வண்டிக்குள் சர்புன்னிசா. பந்து மதராசில் இருந்ததால், ஞானராஜ் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றைத் தூக்கித் தண்ணீரில் போட்டான். கூட்டம் சிரித்தது.

ஜெகபர் அலி இறங்கினார். இடுப்புக்கு மேலே தண்ணீருக்கு வெளியே நிற்க, நடு ஆழத்தில் தேங்காயை ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்து ஆட்டினார். கால் எதன் மேலும் இல்லை! சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. எதிர்ச் சுவர்தான் கோல் என்று ஞானராஜும் இறங்கி அதை ஒட்டிக் காவல் நின்றான். எறிந்த தேங்காய் அவன் கையையும் மீறிக் கல்லில் மோதியது.

"இது சர்க்கஸ்!" என்று எழுந்தார் சௌகத் அலி. "எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க பாப்போம்." சட்டையைக் கழற்றி எறிந்து, கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தார். அவரும் கிணற்றில் வளர்ந்தவர்தான்.

தேங்காயை நெஞ்சோடு அணைத்தார். ஜெகபர் அலி எப்படி வந்தார் என்று தெரியவில்லை, தேங்காய் போய்விட்டது. அண்ணன் வெறிகொண்டு பாய்ந்தார். ஜெகபர் அலியின் தோளில் ஏறினார், கழுத்தைப் பிடித்து இழுத்தார், இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள். கொஞ்ச நேரம் குமிழிதான் வந்தது. பிறகு ஒரு கை மேலே வந்தது, அதில் தேங்காய். மறுபடியும் கல்லில் மோதியது.

ஜெகபர் அலி படியேறி வந்தார். முதுகில் தோளிலிருந்து இடுப்பு நோக்கி நாலு கோடு, ரத்தம் கசிய. பக்கத்தில் பழைய தழும்புகள். திரையை விலக்கிக்கொண்டு பார்த்த சர்புன்னிசாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"சௌகத், கையைக் காட்டு" என்றார் தலைவர்.

படியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணன் தன் விரல்களைத் தானே பார்த்தார். பின்னால் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள்.

வண்டியோரம் வந்து நின்ற புருஷனிடம் சர்புன்னிசா பதறினாள். "மச்சான், இன்னைக்கு மெயிலப் பிடிச்சுக் கல்கத்தா போங்க. ஓடுங்க!"

"வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிருச்சு புள்ள."

"நான் சொன்னா என்ன? நீங்க போயிருக்க வேண்டியதுதானே! ஏன் போகல?"

"போயிட்டு எங்க திரும்பி வர்றது?" என்றார்.

அவளால் அடக்கமுடியவில்லை. வண்டிக்குள்ளேயே வாய்விட்டு அழுதாள். பாவி நான், பாவி நான் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகும் நாலைந்து வருஷம் அவர் ரயில்வேக்கு ஆடினார். இந்திய அணிக்கு யாரும் கூப்பிடவில்லை.

கிணற்றில் ஆடிய அன்று சாயங்காலம் வீட்டில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, அண்ணன் கீறிய இடத்தில் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள்.

"மனசுக்கு வேதனையா இருக்கா மச்சான்? கல்கத்தாவ நெனச்சு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள."

அதையும் அவள் நம்பவில்லை.