பூரணியின் தலையில் ஊற்றிய தண்ணீர்

வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் சவரியாயியை யாரும் முழுதாக நம்பியதில்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் மலைச்சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். மேல்கணக்கில் வரிசை வீடுகளாக இருந்த லயங்களில் வேதக்காரக் குடும்பம் அவளுடையது ஒன்றுதான். கிறிஸ்தவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். புருசன் சந்தியாகுவுக்கு ஸ்டோரில் தேயிலை வறுக்கும் வேலை. ஒரே மகள் மதலேன், ஒன்பது வயது. பொழுது சாய்ந்ததும் மூவரும் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் முழங்காலில் நின்று செபம் சொல்லுவார்கள். பக்கத்துக் காம்பராவில் சத்தம் தாழும். என்ன கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று காது கொடுப்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம்தான் பிள்ளைக் காம்பராவை ஒப்படைத்திருந்தது தோட்டம். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வேறு போக்கிடம் இல்லை. விட்டுவிட்டு நாலடி நடந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பாலில் தண்ணீர் கலக்கமாட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி அதட்டமாட்டாள். ஆனால் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் கையை வைத்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். அது அவளுடைய தாயிடமிருந்து வந்த பழக்கம். தன் மகளுக்கும் அதைத்தான் பழக்கியிருந்தாள். சாப்பாட்டுக்கு முன் கடவுளை நினைக்கணும், வாசலில் நிற்கிறவனுக்குத் தேத்தண்ணி இல்லை என்று சொல்லக்கூடாது, உயிரே போனாலும் பொய் சொல்லக்கூடாது. மதலேனுக்கு அவள் வைத்துவிட்டுப் போகக்கூடிய சொத்து என்று வேறொன்றும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருசத்து ஆடி மழையில் அது நடந்தது. லெட்சுமி என்ற கொழுந்துக்காரியின் ஆறு மாதக் குழந்தை பூரணிக்குக் காலையிலிருந்து காய்ச்சல். மத்தியானத்துக்கு முன் இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, உதடு நீலம் பாய்ந்து, கை கால் விறைத்துக்கொண்டது. சவரியாயி ஓர் ஆளை ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆளை மலைக்கும் ஓடவிட்டாள். ஆஸ்பத்திரி கீழ்க்கணக்கில். லெட்சுமியோ மலை உச்சியில் நிற்கிறாள். குழந்தையின் மூச்சு நின்று நின்று வந்தது.

சவரியாயி வாளித் தண்ணீரில் ஒரு கை அள்ளினாள். குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றினாள். சாகப்போகும் குழந்தைக்குச் சாமியார் இல்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் மாதா கோயிலில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்குரிய சொற்களை வாய் தானாகச் சொன்னது.

நிமிர்ந்தபோது மதலேன் கதவடியில் நின்றிருந்தாள். சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரையா வந்து ஊசி போட்டார். லெட்சுமி நனைந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது குழந்தை அழத் தொடங்கியிருந்தது. "ஒன்னாலதான் ஆயம்மா எம்புள்ள பொழச்சுச்சு" என்று அவள் சவரியாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சவரியாயி சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மகளிடம், "இன்னக்கிப் பாத்தத யாருக்கும் சொல்லாத" என்றாள்.

"கேட்டா பொய் சொல்லணுமா?"

"பொய்யி சொல்ல வேணாம். சும்மா இரு."

மதலேன் அம்மாவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வை சவரியாயிக்குப் பிடிக்கவில்லை.

ஆடி போய் ஆவணி பிறந்தது. ஒருநாள், ஊற்றுத் தண்ணீர் குழாய் வழி விழும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். பிள்ளைக் காம்பராவுக்கு வரும், காளியாயி என்ற கொழுந்துக்காரியின் நாலு வயது மகன் தன் தம்பியைக் கல்லில் உட்காரவைத்து, சிரட்டையால் தலையில் தண்ணீர் ஊற்றி, என்னவோ முணுமுணுத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் கை வைத்துக் காட்டினான்.

"என்னடா செய்ற?"

"பூரணிப் பாப்பாவுக்கு ஆயம்மா செஞ்சது."

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகளின் நெற்றியில் திருநீறு பட்டை பட்டையாக ஏறியது. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகும்போது தாய்மார் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். திருநீறு இருக்கிறதா, யாராவது துடைத்தார்களா? பிள்ளைகளுக்கு வியர்க்கும், மூக்கு ஒழுகும், புறங்கையால் இழுத்துத் தேய்த்துக்கொள்ளும். எந்த நெற்றியில் திருநீறு அழிந்திருந்ததோ அந்தத் தாய் சவரியாயியை ஒன்றும் கேட்காமல் போனாள். சவரியாயி பிள்ளைகளின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கக்கூடப் பயந்தாள். சன்னலில் ஏதாவது நிழல் தட்டினால் பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். பீலிக்கரைச் சேதி அவள் காதுக்கு எட்டவில்லை. கடைசியில் மகளையே சந்தேகப்பட்டாள்.

"நீ வாயத் தொறந்தியா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நீதானே பொய் சொல்லக்கூடாதுன்ன. நான் சொன்னா நம்பமாட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி ஆள் அனுப்பினார். லெட்சுமியின் இஸ்தோப்பில், அதாவது காம்பராவுக்கு முன்னால் கூரை இறக்கிய இடத்தில், சனம் கூடியிருந்தது. லெட்சுமி பூரணியை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் புருசன் சோலைமலை தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

செல்லசாமி நிதானமான மனிதர். சவரியாயியிடம் எதுவும் கேட்கவில்லை. மதலேனை முன்னால் கூப்பிட்டார்.

"பாப்பா, வேதக்காரப் புள்ளைங்க பொய் சொல்லாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பூரணி தலையில ஒங்கம்மா தண்ணி ஊத்துனாங்களா?"

மதலேன் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

"இல்லீங்க. காச்சலுக்கு ஈரத்துணி போட்டாங்க. அதுலேருந்துதான் தண்ணி வடிஞ்சிச்சு."

எவ்வளவு நேர்த்தியாகச் சொல்கிறாள்! எப்போதிருந்து இதை யோசித்து வைத்திருக்கிறாள்? சவரியாயி மகளின் பக்கம் ஓரடி வைத்தாள். செல்லசாமி சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். இரண்டொருவர் எழுந்திருக்கப் பார்த்தார்கள். சந்தியாகு பெருமூச்சு விட்டான்.

"புள்ள எனக்காகச் சொல்லுது தலைவரே" என்றாள் சவரியாயி. "நான் ஊத்துனேன். எங்க வேதப்படி ஞானஸ்நானம் குடுத்தேன்."

லெட்சுமி சுவரைவிட்டு நிமிர்ந்தாள். "எம்புள்ளைக்கா?"

"செத்துரும்னு நெனச்சேன் தாயி. சும்மா அனுப்ப மனசு கேக்கல."

"என்னயக் கேட்டியா?"

"நீ மலையில நின்ன."

"நான் வந்தப்பறம் சொன்னியா? ஒங்கையப் புடிச்சு அழுதேனே, அப்பயாச்சும் சொன்னியா?"

லெட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே பீலிக்கரைக்குப் போனாள். குழந்தை அலற அலறத் தலையைக் கழுவினாள். பிறகு மாரியம்மன் கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே சவரியாயியைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து நிறுத்தினார்கள். கூடையை மாட்டிக்கொண்டு அவளும் கொழுந்து மலைக்கு ஏறினாள். அவள் கொழுந்து பறித்த நிரைக்குப் பக்கத்து நிரையில் யாரும் நிற்க விரும்பவில்லை.

சந்தியாகுவுக்குக் கோபம் அடங்கவில்லை. "புள்ள காப்பாத்தி விட்டுச்சு. நீ ஏன் வாயக் குடுத்த?"

"ஒம்போது வயசுப் புள்ள பொய்யச் சொல்லிட்டு நிக்கிது. நான் பாத்துக்கிட்டு நிக்கவா? சும்மா இருன்னு சொல்லிக் குடுத்ததே நான்தானே?"

மதலேன் அன்று செபத்துக்கு முழங்கால் போடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல நாள் அப்படித்தான். அம்மா அவளை அதட்டவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் செஞ்சது தப்பு மதலேனு. ஒன்னய மறைக்கச் சொன்னதும் தப்பு. நீ சொன்னதும் தப்புதான், ஆனா அது எங்கிட்ட இருந்து வந்தது" என்றாள். மதலேன் சுவரிலிருந்து திரும்பி, "அப்ப நீ கும்பிடுற சாமி ஒன்னய மன்னிக்குமா?" என்று கேட்டாள். "லெச்சுமி மன்னிக்கணுமே, அதுதான் தெரியல" என்றாள் தாய்.

லெட்சுமி லேசில் மன்னிக்கவில்லை. பூரணிக்குச் சளி பிடித்தாலும் சவரியாயியின் காம்பராப் பக்கம் ஒருதரம் பார்ப்பாள். பிள்ளை சிலுவை மாதிரி இரண்டு குச்சியைச் சேர்த்து விளையாடினால் பிடுங்கி எறிவாள். இப்படியே பதினோரு வருசம்.

அறுபத்து நாலில் பூரணியே வந்து நின்றாள். சவரியாயி மகளின் பேறுகாலத்துக்குத் தேவையானதைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். மதலேன் இறம்பொடைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, முதல் பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"எந்தலையில தண்ணி ஊத்துனீங்களாமே. என்னா சொல்லி ஊத்துனீங்க?"

சவரியாயி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஒங்கம்மாவக் கேட்டுட்டு வா. அவ சொல்லச் சொன்னா சொல்றேன்."

லெட்சுமி தானே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "எம்முன்னாடி சொல்லு" என்றாள்.

"பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே உன்னைக் கழுவுகிறேன்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

"வேற மந்திரம் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

அப்போது மதலேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அக்கா, எம்புள்ளைக்கு ஹட்டன் கோயில்ல ஞானஸ்நானம் குடுக்கப்போறோம். நீங்க வந்து பாருங்க. எதயும் மறைக்க மாட்டோம். அன்னக்கி நான் சொன்ன பொய்யி இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். பேறுகாலத்துக்கு நாள் நெருங்கிய பெண் தன் முன்னால் அப்படி நிற்பதைக் கண்டு லெட்சுமி, "ஒக்காரு மொதல்ல" என்று அதட்டினாள்.

ஆண் குழந்தை பிறந்தது. கோயிலில் லெட்சுமி கடைசித் தூணருகில் பூரணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியாரின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாமியார் லத்தீனில் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். லெட்சுமி சட்டென்று சவரியாயியின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னது இது இல்லியே. இது வேறயால்ல இருக்கு?"

"அது லத்தீனு. ரெண்டும் ஒண்ணுதான் தாயி."

லெட்சுமி அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பூசை முடிந்ததும் சாமியாரிடமே போய்க் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தமிழில் சொல்லிக் காட்டினார். அவள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு முடித்தாள். எல்லாம் சவரியாயி அன்று சொன்னதுதான். பிறகு பூரணியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஞானஸ்நான விருந்துப் பந்தியில் சவரியாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.