மின்விசிறி கேட்காத ஹெட்ஃபோன்

என் மேசையில் ஒரு பழைய ஹெட்ஃபோன் இருக்கிறது. தலைப்பட்டையில் நான்கு சுற்றுக் கறுப்பு டேப், காது மெத்தைகள் மூன்றாவது முறையாக மாற்றியவை. சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, நல்லதாக ஒன்று வாங்கக் கூடாதா என்பார்கள். நல்லதாக நான்கு வைத்திருக்கிறேன். எதை வாங்கினாலும் இதோடு ஒப்பிட்டுத்தான் வாங்குவேன். இது என் மச்சானுடையது. "கெட்டுப்போச்சு, நீயே வச்சுக்க" என்று என் கையில் திணித்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். இருபது வருடமாக இரும்பு இழைக்கும் சத்தத்துக்கு நடுவில் வேலை. ஞாயிறானால் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்கு ஒலிப்பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. முப்பது பேர் சேர்ந்து பாடினாலும் யார் அரை மூச்சு முந்தியது என்று பெயரோடு சொல்வார். அந்தப் பெயர் பெரும்பாலும் என்னுடையது.

ஹெட்ஃபோன் பைத்தியம் எங்கள் இருவருக்கும் உண்டு. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கும் விதமே வேறு. கடையில் எடுத்த எடுப்பில் காதில் வைக்க மாட்டார். பட்டையை இரு கையாலும் விரித்து முறுக்குவார், கடைக்காரர் முகம் வாடும். "வயரும் மெத்தையும்தான் மொதல்ல போகும் மாப்ள. அதை மாத்த முடியலன்னா சவுண்டு எவ்வளவு நல்லா இருந்து என்ன?" இந்தச் சோதனையில் தேறினால்தான் பாட்டு. அந்தப் பாட்டும் எங்கள் குழு பயிற்சியில் பாடியது. கோயில் கூடத்தில் அவரே பதிவு செய்தது. அன்று புழுக்கம் தாங்காமல் மின்விசிறியை யாரும் நிறுத்த விடவில்லை. அது நினைத்த நேரத்தில் கிரீச்சென்று முனகியது பதிவில் அப்படியே இருக்கிறது. "பாட்டை எல்லா ஹெட்ஃபோனும் அழகாக் காட்டும் லா. ஃபேனைக் காட்டுதான்னு பாரு" என்பார். மறைக்காமல் காட்டுவதுதான் அவர் கணக்கில் நல்ல ஹெட்ஃபோன்.

ஒரு வருடம், கிறிஸ்துமஸ் பாடல் பதிவுக்கு முன், தன் ஹெட்ஃபோன் மந்தமாகிவிட்டது என்றார். புதிது தேடி மூன்று சனிக்கிழமை அலைந்தோம். சிராங்கூன் சாலைக் கடைகளில் தொடங்கி நகரத்துப் பெரிய கடைகள் வரை ஒன்றும் பாக்கியில்லை. ஒவ்வொன்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒரே வார்த்தை: "இதுலயும் ஃபேன் இல்ல." நான் என் பாட்டுகளைப் போட்டுக் கேட்டேனே தவிர, அவர் பதிவை ஒருமுறைகூடப் போடவில்லை. அவர் காது சொன்ன பிறகு என் காதுக்கு என்ன வேலை என்ற நம்பிக்கை. மூன்றாவது சனிக்கிழமை சலித்துப்போய்த்தான் பழையதை என்னிடம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு கெட்டிருக்கிறது பார்ப்போம் என்று அந்தப் பதிவைப் போட்டேன். கிரீச். தலைக்கு மேலேயே விசிறி சுற்றுவது மாதிரி அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டேன், மறுபடியும் கிரீச். அதற்கு முந்தைய மாதம் அவர் தயாரித்துக் கொடுத்த பாடலைக் கேட்டு, காதில் குத்துகிறது என்று குழுவில் இரண்டு பேர் முணுமுணுத்தது அப்போதுதான் உறைத்தது. தனக்குக் கேட்காத கூரிய ஓசைகளை அவர் பதிவில் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். கிறிஸ்துமஸ் பதிவும் அப்படி வந்தால் ஊர் முதுகுக்குப் பின்னால் பேசும். காதுக்காகவே மதிக்கப்பட்ட மனிதர். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து லிட்டில் இந்தியா காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். ஹெட்ஃபோனைப் பையிலிருந்து எடுத்தேன்.

"மச்சான், இது கெடல. ஃபேன் கேக்குது."

"சும்மா சொல்லாத."

ஒரு பக்கத்தை அவர் காதிலும் மறு பக்கத்தை என் காதிலும் வைத்து, இரண்டு தடியர்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு கேட்டோம். பக்கத்து மேசை சிரித்தது. விசிறி முனகும்போதெல்லாம் மேசையில் விரலால் தட்டினேன். எந்த வரியில் எத்தனை முனகல் என்று அவருக்கு மனப்பாடம். ஏழெட்டுத் தட்டு சரியான இடத்தில் விழுந்ததும் ஹெட்ஃபோனை மெல்ல விலக்கினார்.

"அப்ப காதுதான் போச்சு."

"டெஸ்ட் பண்ணுவோம். நானும் வரேன்."

"பாட்டு ரெக்கார்டிங்?"

"நான் கேட்டுச் சொல்றேன், நீங்க செய்ங்க."

அப்படித்தான் செய்தோம். பரிசோதனையில் வேலைச் சத்தம் தின்ற காது என்று உறுதியானது, காது மிஷின் வந்தது. கோயிலுக்குப் புது ஹெட்ஃபோனும் வாங்கினோம். முறுக்கிப் பார்த்தது அவர், விசிறியைக் கேட்டது நான். அது இன்றும் உடையாமல் உழைக்கிறது. அந்தக் கிறிஸ்துமஸ் பாடல் யார் காதையும் குத்தவில்லை. குழுவிடம் அவரே எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். ஆனால் மிஷினோடு ஹெட்ஃபோன் போட்டால் கீ என்று ஊளையிடுகிறது என்று, அதன்பின் அவர் எந்த ஹெட்ஃபோனையும் தொடவில்லை.

போன மாதம் மிஷினைப் புதிதாக மாற்றினார். அதைக் காட்ட வீட்டுக்கு வந்தவர், என் மேசையில் டேப் சுற்றிய தன் பழைய ஹெட்ஃபோனைப் பார்த்ததும் எடுத்தார். பழக்கதோஷம், முதலில் பட்டையை முறுக்கினார். பிறகு மிஷினுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். ஊளை வரவில்லை. நான் அந்த விசிறிப் பதிவை நடுவிலிருந்து ஓடவிட்டேன். திடீரென்று புளியைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தார். மறுபடியும் சுளித்தார். அந்த முகச்சுளிப்பைப் பார்க்க எனக்கு இத்தனை ஆசை இருந்தது அந்த நிமிடம் வரை தெரியாது.

"சே, அன்னைக்கே அந்த ஃபேனுக்கு எண்ணெய் போட்டிருக்கலாம், மாப்ள."