முன்பின் தெரியாதவரின் கல்லறை

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில் ஹைதராபாத்தில் தனியாக வந்து இறங்கினேன். கணவர் இறந்தபின் கருணை அடிப்படையில் கிடைத்த மத்திய அரசு வேலை, மௌலா அலி பகுதியில். ஒன்பது வயது மகளை நாகர்கோவிலில் அக்காவிடம் விட்டிருந்தேன். ஊரைப் பார்த்துவிட்டு அவளைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். மாரெட்பள்ளி ஹாஸ்டலில் நாலு நாளாக யாரிடமும் பத்து வார்த்தை பேசவில்லை. தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அலுவலகத்தையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தையும் பார்த்துவரலாம் என்று தினமும் கிளம்புவேன். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பிவிடுவேன்.

"ஒத்தைக்கு அங்க என்ன செய்யப்போற? பேசாம வந்துரு" என்றாள் அக்கா போனில். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்குப் போனேன். கானான் தேசத்தை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரைப் பற்றிப் பிரசங்கம். அதில் பத்துப் பேர் பயந்துபோய், அந்தத் தேசமே வேண்டாம் என்றார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். போதகர் சொன்ன ஒன்று மட்டும் புதிது. கூட வந்தவர்களின் பேச்சுக்கு இழுபட்டுவிடக் கூடாதென்று காலேப் மட்டும் தனியாக எபிரோனுக்குப் போய், முன்னோர்களின் கல்லறையில் ஜெபித்தானாம். யூதர்கள் வழிவழியாக அப்படிச் சொல்வதுண்டாம்.

என் ஆட்களின் கல்லறையெல்லாம் நாகர்கோவிலில். இங்கே நான் எங்கே போவேன்?

ஆராதனை முடிந்ததும் கால் தானாகப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனது. தமிழ் எழுத்துள்ள ஒரு பழைய கல்லைப் பார்த்ததும் அதன் அருகில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"கைக்கு அழறீங்க? எங்க தாத்தாவ உங்களுக்குத் தெரியுமா?"

பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி, கையில் பூவோடு. 'கைக்கு' என்றால் அந்த ஊர்த் தமிழில் 'ஏன்'. அவசரமாக எழுந்து மன்னிப்புக் கேட்டேன். இந்த ஊரில் எனக்கென்று யாருமில்லை என்று உளறினேன்.

"உட்காருங்க, தாத்தா ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றாள். "இவரும் ஒத்தை ஆளாத்தான் வந்தார். வெள்ளைக்காரன் பட்டாளத்துல சமையல். பாஷை தெரியாம ஒரு வருஷம் கஷ்டப்பட்டுட்டுத்தான் பாட்டியைக் கூட்டிட்டு வந்தாராம்."

பூவில் பாதியை என் கையில் கொடுத்தாள். நான் வைத்ததும், வீட்டில் வேலையிருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். இரண்டு தடவை தப்பான இடத்தில் இறங்கி, ஒருவழியாக அந்தப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தேன். பூட்டிய கேட்டின் கம்பி வழியாக, காலியாய்க் கிடந்த மைதானத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வேலையில சேர்றேன். ஜூன்ல வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன்."



மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். அவள் டியூஷன் போன சாயங்காலங்களில் வீடு இன்னும் வெறிச்சென்றுதான் இருக்கிறது. அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் பயம் வரும்போதெல்லாம் அந்தச் சமையல்காரரிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இந்த ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே முன்னோர் அவர்தான்.