அரிசி மூட்டைக்குள் அடித்த போன்

பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகச் செய்தது, அங்கிருந்து ஓடி வந்தது மட்டும்தான். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகள் கவிதா. ஆட்டிசம் உள்ளவள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால், அவர் பேசுவது அவள் காதில் ஏறாது.

போன மாதம் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பக்கத்து டவுனான லுக்குட்டுக்குச் சாமான் வாங்கப் போனோம். அவளை மளிகைக்கடை வாசலில் இறக்கி, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால், கடைக்காரர் அவள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“மேச மேல இருந்த என் போனக் காணோம்ணே. கேட்டா தரையப் பாக்குறா. எடுக்காதவ கண்ணப் பாத்துச் சொல்லுவா லா.”

கவிதா காதைப் பொத்திக்கொண்டாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“எங்கப்பன் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணிய நிமிந்து பாத்தான்னு, திமிர் புடிச்சவன்னு வேலைய விட்டுத் தூக்குனாங்க. என் மக குனிஞ்சா திருடியா? பொண்டாட்டி கண்ணப் பாத்துக்கிட்டே தெனம் பொய் சொல்றவன் நான். என்னச் சோதிச்சுப் பாருய்யா. மொதல்ல பைய விட்டுட்டு உன் நம்பரச் சொல்லு.”

அவர் சொன்ன நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். அரிசி மூட்டைக்குள் மணி அடித்தது. மேசையில் வைத்ததாக அவர் நினைத்த போனை, யாருக்கோ அரிசி அள்ளும்போது அவரே சட்டைப் பையிலிருந்து நழுவவிட்டிருக்கிறார்.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றார், தரையைப் பார்த்து.

“எனக்கு எதுக்கு? அவகிட்டச் சொல்லு. கண்ணப் பாத்துச் சொல்லு லா.”

அவரால் முடியவில்லை.

முன்பெல்லாம் யாராவது அவளை முறைத்தால் ஜோக் அடித்துச் சமாளிப்பேன். இப்போது அடிப்பதில்லை. எந்தக் கடையானாலும் அவளோடு சேர்ந்தே நுழைந்து, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: “என் மக கண்ணப் பாக்க மாட்டா. காது நல்லாக் கேக்கும். மரியாதையாப் பேசுங்க.”