புரட்டாசியில் வந்த ஆமை

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. கோழிகளுக்கு அந்த விரதம் இல்லை. ராசிபுரம் ரோட்டோரத் தோட்டத்தில் கொட்டகை போட்டு முட்டைக்கோழி வளர்த்தோம். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கோடு கருவாட்டையும் இடித்துக் கலந்தால்தான் முட்டை விழும். அது மனுஷர் தின்கிற கருவாடு இல்லை. வலையில் சேர்ந்து வந்த விலைபோகாத பொடிமீன், நண்டுக்கால், கடல்பாம்பு எல்லாம் ஒன்றாகக் காய்ந்தது. கடற்கரையிலிருந்து லாரியில் மூட்டை மூட்டையாக வரும்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை, பெருமாளுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்து மூட்டையைப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை, கழுத்தை நீட்டியபடியே காய்ந்து கிடந்தது. ஆமையாக அவதாரம் எடுத்தவனுக்கு இப்போதுதான் விளக்கேற்றியிருந்தேன்.

லாரி டிரைவர் எங்கள் பக்கத்துக்காரர். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, ஆமை சிக்குனா தண்ணியிலயே உட்டுரச் சொல்லு, அந்தப் படகுக்காரங்ககிட்ட" என்றேன்.

"உடறதுக்கு உசுரு இருக்கோணுமில்லீங்க அக்கா? வலைக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துப்போயிருதுங்க."

"தண்ணியில இருக்கறது தண்ணியில சாவுமா? கதை உடாதே."

"நம்ம கெணத்து ஆமை மேல வந்து மூக்கை நீட்டறதைப் பாத்ததில்லீங்களா? இதுவும் அப்படித்தானுங்க. விசைப்படகுல வலையைக் கட்டி மணிக்கணக்கா இழுக்கறாங்க. மேல வர வழியேது?"

"அப்ப வெரசாத் தூக்கச் சொல்லு. கொஞ்ச நேரம் இழுத்தாப் போதாதா?"

சொல்வதாகத் தலையாட்டினார். ஆமையை மஞ்சள் துணியில் சுற்றி, கடலிலேயே போட்டுவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த நடையில் பதில் வந்தது.

"சொன்னனுங்க அக்கா. சிரிக்கறாங்க. முன்னெல்லாம் இந்தக் கூளத்தைக் கடல்லயே கொட்டுவாங்களாமா. இப்ப கோழிக்காரங்க அதையும் வாங்கறதுனால அரிச்சு இழுக்கறாங்களாமா. 'உங்க அக்காவைக் கருவாட்டை நிறுத்தச் சொல்லு, நாங்க வலையைத் தூக்கறோம்'ங்கறாங்க."

நிறுத்தினோம். என் முகத்துக்காகத்தான் வீட்டுக்காரர் சம்மதித்தார். புண்ணாக்கைக் கூட்டிப் போட்டோம். முட்டை குறைந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கவிச்சி கிடைக்காத கோழிகள் ஒன்றையொன்று கொத்தி, இறகைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. ரத்தம் கண்ட கோழியை மற்றவை விடவே இல்லை. கொட்டகைக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஆமையப் பாத்தாக் கோழி சாவுது. எந்தப் பாவம் வேணும்னு நீயே சொல்லு" என்றார் அவர். "நம்ம மூட்டைய லாரிக்காரன் பக்கத்துத் தோட்டத்துல எறக்கிட்டுப் போறான். கடல்ல ஒரு வலையாச்சும் கொறைஞ்சுதா?"

எந்தப் பாவம் என்று பெருமாளிடம் கேட்டேன். பிறகு கருவாட்டு மூட்டையை மறுபடி இறக்கச் சொன்னேன்.

மறுபடி லாரி எங்கள் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"மஞ்சத்துணி இருந்தாக் குடுங்க அக்கா. இந்த நடையும் ஒண்ணு கெடக்குதுங்க."

எடுத்துக் கொடுத்தேன். படகுக்காரர்களுக்கு இந்த முறை எதுவும் சொல்லியனுப்பவில்லை.